அறுநூறு லாரி

மல்ஹாஸிடம் அறுநூறு லாரி இருக்கிறது.
பதறாதீர்கள்.
திபிலீசியில் பணத்துக்குப் பெயரே லாரிதான்.
மடித்து, ரப்பர் வளையம் போட்டு,
சட்டையின் உள்பையில் வைத்திருக்கிறான்.
ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் நெஞ்சில் உறுத்துகிறது,
நல்ல உறுத்தல்.

எலியாவா சந்தையில் ஒரு பக்கம்
பழைய கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எங்கோ இடித்த காரின் கதவு.
மறுபக்கம் படியிறங்கினால்
தகரக் கூரைக்கடியில் குல்னாஸியின் கடை.
மூன்று கிராபிக்ஸ் கார்டுகளை
மீன் துண்டங்கள்போல் துணியில் பரப்புகிறாள்.

முதலாவது புத்தம் புதிது. நான்கு ஜிபி.
ஐந்நூற்றுத் தொண்ணூறு.
"பெட்டி அழகா இருக்கும்" என்கிறாள்.
அதற்குமேல் புகழ அவளுக்கே மனம் வரவில்லை.

இரண்டாவது எட்டு ஜிபி, மூன்று விசிறி,
விலை அதேதான்.
ஒன்றரை வருடம் ஏதோ மலையூர்க் கொட்டகையில்
இரவு பகலாக நாணயம் தோண்டியது,
யார் கையிலும் கிணுங்காத நாணயம்.

மூன்றாவது கிழடு. ஆறு ஜிபி, முந்நூற்றைம்பது.
ஒரு விசிறி லேசாக முனகும்.
வைத்திருந்த பெண் படிக்க வார்சாவுக்குப் போய்விட்டாள்.

கூட வந்த சோட்னே எட்டைத் தூக்கிவிட்டான்.
எதையும் எண்ணிக்கையில் சொல்பவன் அவன்.
மாவுக்குள் இறைச்சி வைத்து அவிக்கும் ஹின்காலியில்
"இன்னிக்குப் பதினாறு ஹின்காலிப் பசி" என்பான்.
"எட்டுடா! எட்டு!"

மல்ஹாஸுக்கு ஜிபி தெரியாது.
இருபது வருடமாக, பிறர் ஓட்டிக் களைத்த வண்டிகளை
வாங்கி ஓட்டியவன்.
தானம் வந்த மாடா இது, பல்லைப் பிடித்துப் பார்க்காமலிருக்க?
திருகாணிகளைப் பார்க்கிறான்:
கறுப்புப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை தெரிகிறது.
பலமுறை திறந்த கை.
மூக்கருகே கொண்டுபோகிறான்:
கிளட்ச் கருக மலையேறிய வண்டியின் வாடை.
கீழே வைத்துவிட்டான்.

"பவர் சப்ளை எவ்வளவு?"
"நானூறு வாட்."
"அதுக்கு இந்த யானை வேண்டாம்.
அங்குசத்துக்கு அழுவே."
குல்னாஸி நிமிர்கிறாள். "சரி, என்ன விளையாடுவே?"

அவன் செருப்பு நுனியைப் பார்க்கிறான்.
சோட்னேதான் போட்டு உடைத்தான், சிரிப்பு பொத்துக்கொண்டு:
"லாரி ஓட்டுற விளையாட்டு!
காலை ஆறுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும்
ருஸ்தாவிக்கும் இங்கேயும் மினிபஸ் ஓட்டுறான்.
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு
திரும்ப லாரி ஓட்டணுமாம்!"

குல்னாஸி சிரிக்கவில்லை.
சால்டரிங் கம்பியை அதன் தாங்கியில் வைத்தாள்.

"அதுல யாரும் ஏற மாட்டாங்க" என்றான் மல்ஹாஸ்.
"சில்லறைக்குச் சண்டை இல்ல.
இங்க நிறுத்து, அங்க நிறுத்து இல்ல.
பின்னால இருபது டன் தக்காளி.
அது பேசாது."

மூன்றாவதை அவன் பக்கம் தள்ளினாள்.
"நிழலை அணைச்சிடு. பக்கக் கண்ணாடியோட தரத்தைக் குறை.
அறுபது ஃபிரேம் வரும்."
"நிழல் போகட்டும்.
கண்ணாடியைத் தொட மாட்டேன்.
பின்னால வர்றவன் தெரியாம எப்படி ஓட்டுறது?"
"அப்போ நாற்பத்தஞ்சுதான்."
"போதுமே. மலைப்பாதையில
அதுக்கு மேல நான் போனதே இல்ல."

மீதி இருநூற்றைம்பது
படியேறி மறுபக்கம் போனது:
மினிபஸ்ஸின் பின்சக்கரத்துக்கு ஒரு டயர்.

அன்றிரவு.
விசிறி முனகுகிறது, சொன்னபடியே.
நிழல் இல்லாத மரங்கள்,
நிழல் இல்லாத பாலம்,
ஈரச் சாலையில் மட்டும் விளக்கின் மஞ்சள் கோடு.
இரண்டு கண்ணாடிகளும் துல்லியம்.

லமாரா சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு வந்து
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"எங்க போறே?"
"ராட்டர்டாம்."

உரித்துத் தின்றாள். தோலை உள்ளங்கையில் சேர்த்தாள்.
இரண்டு நகரங்கள் கடந்தன.
ஒரு வளைவு.

"இண்டிகேட்டர் போடலையே நீ" என்றாள்.